புல்லட்டின் சிலிண்டர் போரைப் பெரிதாக்கினால் எத்தனை மி.மீ. கார்புரேட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது ராயல் என்ஃபீல்டின் பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டைப் பற்றி. 350 என்று நாம் சொல்லும் வண்டியின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) 90 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். புல்லட் 500-இல் ஸ்ட்ரோக் அதேதான், போர் மட்டும் 84, அதனால் 499 சி.சி. 2013-இல் வந்த கான்டினென்டல் ஜிடி-யில் போரை 87 ஆக்கி 535 சி.சி. வரை கொண்டுபோனார்கள். போரைப் பெரிதாக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்களுக்குள்தான் சுற்றுகிறார்கள். லேத் வேலை, பிஸ்டன் இடைவெளி, கிராங்க் கேஸ் பற்றியெல்லாம் இங்கே இல்லை. அதெல்லாம் முடிந்த பிறகு வரும் கேள்வி மட்டும்தான்: இதற்கு எந்த கார்பு, அதாவது எத்தனை மி.மீ. தொண்டை உள்ள கார்புரேட்டர்?

காரணம் அப்புறம். முதலில் அளவைச் சொல்லுங்கள்.

499 சி.சி. ஆக்கினால் 28 மி.மீ. 535 ஆக்கினால் 30. கேம் (வால்வைத் திறக்கும் பாகம்), ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), சைலன்சர் எல்லாவற்றையும் மாற்றி, 6,000 ஆர்.பி.எம். வரை உண்மையாகவே முறுக்கி ஓட்டுகிறவர் என்றால் 32. ரோட்டில் ஓடும் புல்லட்டுக்கு 34 தேவையில்லை. யாராவது பெட்டியோடு இனாமாகக் கொடுத்தாலும் தேவையில்லை.

பெரிய கார்பில் அதிகக் காற்று போகும், அதிகக் காற்று போனால் பவர் கூடும். இதில் என்ன தவறு?

கார்பு காற்றைத் தள்ளுவதில்லை. கீழே இறங்கும் பிஸ்டன்தான் இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பவை சி.சி.-யும் ஆர்.பி.எம்.-மும், நடுவில் இருக்கும் வால்வு, போர்ட் (ஹெட்டில் காற்று நுழையும் வழி), கேம் ஆகியவையும். கார்பு செய்யக்கூடியது இரண்டுதான். ஒன்று, அந்தக் காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது. இன்னொன்று, அதற்கேற்ற பெட்ரோலை அளந்து கொடுப்பது.

சிக்கல் இந்த இரண்டாவது வேலையில்தான் வருகிறது. கார்பின் தொண்டை நடுவில் ஒடுங்கியிருக்கும். அங்கே காற்று வேகமெடுக்கும், வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறையும். அந்த அழுத்தக் குறைவுதான் கீழே ஃப்ளோட் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஜெட் என்னும் சின்னத் துளை வழியாக மேலே இழுக்கிறது. இழுக்கும் அழுத்தம் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் இழுப்பு கால்பங்கு ஆகிவிடும். தொண்டையை அகலமாக்கினால் அதே அளவு காற்று நிதானமாகப் போகும், பெட்ரோல் சரியாக எழும்பாது. எழும்பியதும் நல்ல புகையாகச் சிதறாமல் துளித்துளியாகப் போகும். மேல் ஆர்.பி.எம்.-இல் கிடைக்கும் கொஞ்சம் லாபத்துக்கு, அன்றாடம் ஓட்டும் 2,000 முதல் 4,000 வரையிலான இடத்தில் நஷ்டப்படுவீர்கள். புல்லட் ஓட்டுகிறவர் நாள் முழுக்க இருப்பதே அந்த இடத்தில்தான்.

கணக்கு போட்டுப் பார்க்க எளிய வழி உண்டா?

உண்டு. கம்பெனி கொடுத்த அளவிலிருந்து தொடங்குங்கள். புதிய சி.சி.-யைப் பழைய சி.சி.-யால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பழைய கார்பு அளவால் பெருக்குங்கள். தொண்டையின் பரப்பு சி.சி.-யோடு சேர்ந்து வளர வேண்டும், விட்டம் அந்தப் பரப்பின் வர்க்கமூலத்தோடு வளரும். இதில் அதைத் தவிர வேறு சூட்சுமம் இல்லை.

இரும்பு சிலிண்டர் 350-இல் வந்தது 24 மி.மீ. மிக்கார்ப் கார்பு. 499-ஐ 346-ஆல் வகுத்தால் 1.44, வர்க்கமூலம் 1.2, பெருக்கினால் 28.8. கம்பெனி புல்லட் 500-க்குக் கொடுத்தது 28. ஆக, கணக்கும் கம்பெனியும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. 535-க்கு அதே கணக்கு 29.8 என்று வருகிறது. கடையில் கிடைக்கும் அளவு 30.

ஆர்.பி.எம்.-மும் ஏறினால் அதையும் உள்ளே சேர்க்க வேண்டும். பழைய எஞ்சின் உச்ச பவர் கொடுத்தது சுமார் 5,500-இல், புதியது 6,000-இல் கொடுக்கும் என்று வையுங்கள். சி.சி. விகிதத்தை ஆர்.பி.எம். விகிதத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.2 மி.மீ. வரும். 32 என்று சொன்னது அதனால்தான். ஒன்றைக் கவனியுங்கள்: கேம் மாறாமல், ஹெட் மாறாமல், பிஸ்டன் மட்டும் பெரிதானால் உச்ச பவர் வரும் ஆர்.பி.எம். ஏறாது. அதே வால்வு வழியாக இன்னும் பெரிய சிலிண்டரை நிரப்ப வேண்டியிருப்பதால் கொஞ்சம் இறங்கவும் செய்யும். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு முதல் கணக்கே போதும்.

காற்று வேகம் என்கிறீர்கள். அதை எண்ணில் சொல்ல முடியுமா?

முடியும், சொல்வதும் நல்லது. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு சுற்றுக்கு 180 மி.மீ. பயணம் செய்கிறது. 5,500 ஆர்.பி.எம்.-இல் அதன் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். போரின் விட்டத்தைக் கார்பின் விட்டத்தால் வகுத்து, வந்ததை வர்க்கம் எடுத்து, 16.5-ஆல் பெருக்கினால் தொண்டையில் போகும் காற்றின் தோராய வேகம் கிடைக்கும். உண்மையில் காற்று ஒரே சீராகப் போகாது, துடித்துத் துடித்துத்தான் போகும். ஆனால் ஒரு கார்பை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும்.

350-இல் 24 மி.மீ.: நொடிக்கு 140 மீட்டர். 500-இல் 28: 148. இவை கம்பெனி தேர்ந்தெடுத்தவை. 535-இல் அதே 28-ஐ வைத்தால் 159, கொஞ்சம் இறுக்கம். 30 வைத்தால் 139, கிட்டத்தட்ட பழைய 350-இன் எண். 32-க்கு 122. 34-க்கு 108. அந்த 108-ஐ 140-ஓடு ஒப்பிட்டு வர்க்கம் எடுத்தால் 0.6 வரும். அதாவது 34 போட்டவுடன் பெட்ரோலை இழுக்கும் அழுத்தத்தில் பத்தில் நாலு பங்கு போய்விட்டது, அதுவும் எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும்போதே. 2,500-இல் முறுக்கினால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பழைய பிரிட்டிஷ் பைக்கான பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாரில் 500 சி.சி.-க்கே 38 மி.மீ. இருந்ததே?

இருந்தது. டிபிடி34 மாடலில் ஒன்றரை அங்குல அமல் ஜிபி கார்பு, அதாவது 38 மி.மீ. அதுவும் ஒற்றை சிலிண்டர்தான், போர் 85, ஸ்ட்ரோக் 88. இந்த உதாரணத்தைக் காட்டி 36, 38 என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த எஞ்சின் 7,000 ஆர்.பி.எம். பக்கம் சுற்றுவதற்காகச் செய்த பந்தய எஞ்சின். மேலே சொன்ன கணக்கை 7,000-க்குப் போட்டால் நொடிக்கு 103 மீட்டர் வரும். 535 புல்லட்டில் அதே 38-ஐ வைத்து 5,500-க்குப் போட்டால் 86-தான் வருகிறது. அதற்கு மேல், கோல்டு ஸ்டார் நகரத்துக்குள் எப்படி ஓடியது என்பதையும் கேட்டுப் பாருங்கள். ஸ்லோவில் நிற்காது, முதல் கியர் நீளமானது, சிக்னலிலிருந்து கிளட்சை நழுவவிட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். ரேஸ் டிராக்கில் அது பெருமை. அண்ணா சாலையில் அல்ல.

பழைய 24-ஐயே விட்டுவைத்தால் எஞ்சின் கெட்டுவிடுமா?

கெடாது. ஓடும், கீழ் இழுவையும் நன்றாகவே இருக்கும். 535-இல் 24 வைத்தால், பழைய 350-இல் 5,500-இல் வந்த காற்று வேகம் இதில் 3,550 பக்கமே வந்துவிடும். அதற்கு மேல் எஞ்சின் மூச்சுமுட்டும். மணிக்கு 70, 75 கி.மீ.-க்குள் ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாமல் போகலாம். ரன்னிங்-இன் (புதிய பிஸ்டன் பழகும் காலம்) முடியும்வரை 24-ஐயே வைத்திருப்பது மோசமான யோசனை அல்ல, கையை அடக்கி வைக்கும்.

இதிலேயே இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. சி.சி. கூடினால் மெயின் ஜெட்டையும் (முழுதாக முறுக்கும்போது பெட்ரோலை அளப்பது) அதே விகிதத்தில் கூட்ட வேண்டும் என்பார்கள். கார்பு மாறவில்லை என்றால் அப்படி இல்லை. அதிகக் காற்று போனால் இழுப்பும் கூடும், பெட்ரோலும் தானாகவே அதிகம் வரும். கார்பின் வேலையே அதுதானே. ஜெட் மாற்றம் பெரிதாகத் தேவைப்படுவது ஏர் ஃபில்டரைத் திறந்துவிட்டால், சைலன்சரை மாற்றினால், அல்லது கார்பையே பெரிதாக்கினால்.

பிறகு வந்த யுசிஇ எஞ்சின் கிளாசிக் 350-யும் 346 சி.சி.-தான். அதில் மட்டும் ஏன் 29 மி.மீ.?

நல்ல கேள்வி, பலரைக் குழப்புவது. அது சி.வி. கார்பு (காற்று வேகத்தைச் சீராக வைக்கும் வகை), யூகால் பிஎஸ்29. பழைய மிக்கார்பில் தொண்டையை மூடித் திறக்கும் ஸ்லைடைக் கேபிள் நேராகத் தூக்கும். நீங்கள் முறுக்கிய அளவுக்குத் தொண்டை திறக்கும், எஞ்சின் தயாரா என்று கேட்காது. சி.வி.-யில் கேபிள் திறப்பது ஒரு தட்டு வால்வை. ஸ்லைடைத் தூக்குவது ரப்பர் டயஃப்ரமும் எஞ்சினின் வெற்றிடமும். எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் ஸ்லைடு எழும்பும், அதனால் எந்த ஆர்.பி.எம்.-இலும் காற்று வேகம் ஓரளவு காப்பாற்றப்படும். அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் கீழே திணறல் வராது. மேலும் அந்தத் தட்டும் அதன் தண்டும் எப்போதும் காற்றின் குறுக்கே நிற்பதால், 29 என்று எழுதியிருந்தாலும் முழு 29-இன் பலன் கிடைக்காது.

ஆகவே ஸ்லைடு கார்பின் எண்ணையும் சி.வி. கார்பின் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். செலவைப் பார்க்கிறவருக்கு ஒரு யோசனை: நல்ல நிலையில் கிடைக்கும் பழைய பிஎஸ்29-ஐ 535-இல் மாட்டலாம். 87-ஐ 29-ஆல் வகுத்தால் சரியாக 3, புல்லட் 500-இன் 84-க்கு 28 என்ற விகிதமும் அதேதான். மேனிஃபோல்டுக்கு (கார்பை ஹெட்டோடு இணைக்கும் குழாய்) அடாப்டர் செய்ய வேண்டும், ஜெட் மாற்ற வேண்டும். டயஃப்ரமில் ஊசித் துளை இருந்தால்கூட வேலை செய்யாது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கார்பிலேயே மாட்டும் சின்ன பாட் ஃபில்டர் போடுகிறவர்கள் இதன் பக்கம் வராமல் இருப்பது நல்லது, செட்டிங் லேசில் வராது.

ஏற்கெனவே 34 வாங்கிவிட்டேன். சட்டென்று முறுக்கினால் எஞ்சின் ஒரு நொடி செத்துவிட்டுப் பிறகு எழுகிறது. வழி உண்டா?

மெதுவாக முறுக்கினால் அந்தத் திணறல் வராது, கவனித்திருப்பீர்கள். ஸ்லைடு சட்டென்று எழும்போது காற்று உடனே நுழைகிறது, பெட்ரோல் கனமானது, பின்தங்குகிறது. அந்த ஒரு நொடிக்கு லீன், அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. கட்அவே (ஸ்லைடின் அடியில் வெட்டிய சரிவு) குறைவான ஸ்லைடு போட்டுப் பாருங்கள். மிகுனி கார்பில் ஸ்லைடின் எண் 3.0-இலிருந்து 2.5-க்கோ 2.0-க்கோ இறங்கினால் அந்த இடத்தில் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். பைலட் ஜெட்டை (குறைந்த திறப்பில் வேலை செய்வது) ஒரு படி ஏற்றுவதும் கொஞ்சம் உதவும்.

முழுத் தீர்வு ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்பு. முறுக்கிய கணத்தில் அது பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுத்துவிடும். கெய்ஹின் எஃப்சிஆர் அந்த வகை. அதன் விலைக்கு இங்கே ஒரு ஹெட் வேலையே முடித்துவிடலாம். பவர் வேண்டும் என்றால் என் ஓட்டு ஹெட்டுக்குத்தான். இல்லையென்றால் 34-ஐ விற்றுவிட்டு 30 வாங்குங்கள், அதுதான் மலிவான வழி.

புதிய கார்புக்கு ஜெட் செட்டிங் எங்கே தொடங்குவது?

எந்தத் திறப்பில் எந்தப் பாகம் வேலை செய்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் கட்அவே. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். கைப்பிடியில் டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டால், திணறல் எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்தே பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலானவர்கள் எல்லா வியாதிக்கும் மெயின் ஜெட்டை மாற்றுகிறார்கள். 60 கி.மீ. வேகத்தில் இடறுகிற வண்டிக்கும் மெயின் ஜெட்டுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது.

மெயின் ஜெட்டை முதலில் முடிவு செய்யுங்கள், வேண்டுமென்றே பெரிதாகத் தொடங்கி இறங்கி வாருங்கள். ரிச்சாக இருந்தால் வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் புதிய பிஸ்டன் போகும். அப்புறம் நீடில். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், கலவை ரிச் ஆகும். கடைசியில் ஸ்லோ கலவை ஸ்க்ரூ. மிகுனி விஎம் கார்பில் அந்த ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும், உள்ளே திருகினால் ரிச். சி.வி.-யில் எஞ்சின் பக்கம் இருக்கும், வெளியே திருகினால் ரிச். இதை மாற்றிச் செய்துவிட்டு கார்பைத் திட்டுகிறவர்கள் நிறைய.

இன்னொரு பொறி: ஜெட் எண்கள். கெய்ஹின் மெயின் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. 150 என்றால் 1.5 மி.மீ. மிகுனியின் அறுகோண ஜெட்டில் உள்ள எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிப்பது. நண்பரின் கெய்ஹின் எண்ணை உங்கள் மிகுனிக்குப் போடாதீர்கள்.

கார்பு பெரிது, ஹெட்டின் போர்ட் சின்னது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கார்பைக் கழற்றி, இன்லெட் போர்ட்டின் மிக ஒடுங்கிய இடத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். கார்பு 32, போர்ட் 28 என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது 28-தான், இடையில் ஒரு படிக்கட்டும் சேர்த்து. அந்தப் படியில் காற்று சுழன்று பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டும். மேனிஃபோல்டு கார்பிலிருந்து போர்ட்டுக்குச் சீராக ஒடுங்க வேண்டும். ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். காற்று கசிந்தால் எந்த ஜெட்டும் செட் ஆகாது.

இப்போது இருக்கும் கார்பு எஞ்சினை நெரிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலியான நேரான ரோட்டில், மூன்றாம் கியரில், எஞ்சின் உச்சத்துக்குப் போகும்வரை முழுதாக முறுக்குங்கள். அங்கே கையை முக்கால் அளவுக்கு மெதுவாகத் தளர்த்துங்கள். வேகம் குறையவில்லை என்றால் கார்பில் இன்னும் இடம் இருக்கிறது, நெரிப்பது வேறு எங்கோ. தளர்த்திய உடனே வண்டி தொய்ந்தால் கார்பு கடைசிவரை வேலை செய்கிறது, ஒரு அளவு பெரிது உதவக்கூடும். தளர்த்தியதும் வேகம் கூடினால் மெயின் ஜெட் சரியில்லை. இந்தச் சோதனைக்கு மீட்டர் எதுவும் வேண்டாம், ஆனால் ஹெல்மெட் வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும், ஊட்டி போவதற்கும் செட்டிங் மாற்ற வேண்டுமா?

பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இதற்குச் சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கிட்டத்தட்ட 9 சதவீதம் அதிகப் பெட்ரோல் தேவை. பழைய காலத்துச் செட்டிங்கை அப்படியே வைத்தால் லீன். மிகுனியில் 110 இருந்த இடத்தில் 120-இலிருந்து தொடங்குங்கள். பழைய ஓ-ரிங், ட்யூப் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், எத்தனாலில் அவை ஊதிப்போகும்.

ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, வண்டி ரிச்சாக ஓடும், கொஞ்சம் புகையும். இரண்டு நாள் பயணத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜெட்டைக் குறைத்துவிட்டு அதோடே மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை ரோட்டில் முழுதாக முறுக்கினால் பிஸ்டன் பிடிக்கும்.

இரட்டை சிலிண்டருக்கும் இதே கணக்கா?

சிலிண்டருக்கு ஒரு கார்பு என்றால் ஒரு சிலிண்டரின் சி.சி.-யை மட்டும் எடுங்கள். நார்ட்டன் கமாண்டோ 750-இல் இரண்டு 30 மி.மீ. அமல் இருந்தது. அது ஆளுக்கு 372 சி.சி.-க்கான அளவு, 745-க்கானது அல்ல. டூ-ஸ்ட்ரோக் வேறு கதை. ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு வாங்கும் எஞ்சினுக்கு இந்த எண்கள் பொருந்தா, ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடலாம்.

மிகுனி என்று அச்சிட்டு மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

போலிகள் நிறைய. ஸ்லைடை விரலால் ஏற்றி இறக்கிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் வேண்டாம். தொண்டையை வெர்னியரால் அளங்கள், 30 என்று எழுதி 28 இருப்பதும் உண்டு. பெரிய தொல்லை உள்ளே வரும் ஜெட்களும் நீடிலும்தான். எண் ஒன்று, துளை வேறு. உண்மையான ஜெட்களை வாங்கிப் போட்டால் சில நகல்கள் ஓரளவு ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் அந்தச் செலவைச் சேர்த்தால் அசலின் விலை எட்டிப் பார்க்கும்.

ஆர்.சி.-யில் 346 சி.சி. என்றிருக்கிறது. பிரச்சினை வருமா?

வரலாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.-வின் அனுமதி வேண்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இப்படிப்பட்ட ஒன்றைத்தான். போரில் கை வைப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது, கார்பு வாங்கும்போது அல்ல.

கார்பு, ஜெட் எல்லாம் சரி. நீண்ட நேரம் முறுக்கினால் மட்டும் வண்டி துவண்டு போகிறது. ஏன்?

பெட்ரோல் டேப்பைப் பாருங்கள். ட்யூபைக் கழற்றி ஒரு நிமிடம் பாட்டிலில் பிடியுங்கள். இந்த எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 150 மில்லி குடிக்கும். கால் லிட்டராவது விழ வேண்டும். விழவில்லை என்றால் டேப்பின் வலை அடைத்திருக்கிறது, அல்லது டேங்க் மூடியின் காற்றுத் துளை மூடியிருக்கிறது. மூடியைத் திறந்து வைத்து ஒருமுறை அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.